பட்டியலார்

செய்ய வேண்டிய வேலைகளையும், மறக்கக் கூடாத குறிப்புகளையும், வரவிருக்கும் நாள்களின் நிகழ்ச்சிகளையும் ஓரிடத்தில் திரட்டி வைத்துக்கொள்ள உதவும் செயலிகளைத் தனிநபர் தகவல் மேலாண்மை மென்பொருள் என்பர். அத்தகைய மென்பொருளைக் கொண்டு வேலைகளை ஒழுங்குபடுத்துவதையே வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்டவரைப் பட்டியலார் என்று இங்கே வழங்கலாம். நகரத்து அலுவலகங்களில் மாடிக்கு ஒருவரேனும் காணப்படும் இவரைச் சோம்பேறி என்பது பெரும் பிழை. சோம்பேறி எவ்வித முயற்சியுமின்றி வேலை செய்யாமல் இருக்கிறார், பட்டியலாரோ அதே நிலையை எய்துவதற்கு அன்றாடம் மூன்று மணி நேரம் உழைக்கிறார்.

இவரது இயல்பை அறிய ஒரே ஒரு வேலையைப் பின்தொடர்ந்தால் போதும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது; பிளம்பரைக் கூப்பிட வேண்டும். பிறர் இதனைக் கூப்பிட்டு முடிப்பர், அல்லது மறந்து முடிப்பர். பட்டியலார் இரண்டும் செய்யாமல் செயலியில் பதிகிறார். பதிந்த வரிக்கு ‘வீடு’, ‘நீர்’, ‘தொலைபேசி’ என மூன்று குறிச்சொற்களை, அதாவது பின்னாளில் தேடி எடுப்பதற்கான அடையாளங்களை, ஒட்டுகிறார். இது அவசரமானதா முக்கியமானதா என ஆராய்ந்து நான்கு கட்டங்களுள் ஒன்றில் அமர்த்துகிறார். நீருக்கு உரிய நீலத்தைத் தீட்டுவதா, அவசரத்துக்கு உரிய சிவப்பைத் தீட்டுவதா என்னும் ஐயம் தீர்வதற்குள் குழாயடியில் வைத்த வாளி நிறைந்துவிடுகிறது. வாளியைக் கொட்டுவது நாள்தோறும் திரும்ப வரும் வேலையாதலால், அதற்கென்று தனி நினைவூட்டல் ஒன்றும் பிறக்கிறது.

இவரைக் கல்லாதவர் என்றும் சொல்ல இயலாது. அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001இல் வெளியிட்ட ‘கெட்டிங் திங்ஸ் டன்’ என்னும் நூல், மனத்தில் கிடப்பதையெல்லாம் வெளியே எழுதி இறக்கினால்தான் மனம் வேலையில் படியும் என்பதோடு, இரண்டு நிமிடத்துக்குள் முடியக்கூடியதைக் குறித்துவைக்காமல் அப்போதே செய்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறது. பிளம்பரைக் கூப்பிட ஒரு நிமிடமே ஆகும் என்பதை நன்கறிந்த பட்டியலார், ‘இரண்டு நிமிட விதியைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்று அதனையும் ஒரு வேலையாகக் குறித்துவைத்திருக்கிறார். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகளை எண்ணிட்டு ஒன்றோடொன்று தொடுத்துவைத்து, அவற்றின் துணையால் பல பத்து நூல்களை எழுதிய வரலாறும் இவருக்கு மனப்பாடம். அம்முறையைப் பின்பற்றி இவர் எழுதிய சீட்டுகள் இதுவரை பதினான்கு. அவற்றுள் பதினொன்று சீட்டு எழுதும் முறையைப் பற்றியவை.

பட்டியலாரின் வாழ்வில் திருவிழாவுக்கு நிகரானது குடிபெயர்வு. பழைய செயலியில் உள்ள குறிப்புகள் அனைத்தையும் புதிய செயலிக்கு மாற்றுவதே குடிபெயர்வு எனப்படும். கைப்பேசியில் எழுதியது கணினியிலும் தானே தோன்றும் ஒத்திசைவு சரியில்லை என்பது ஓராண்டின் காரணம்; எழுத்துரு கண்ணுக்கு இதமாக இல்லை என்பது மறு ஆண்டின் காரணம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. பட்டியலார் ஆடத் தொடங்கும் முன்பே கூடத்தை மாற்றிவிடுகிறார். வானியல் அறிஞர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தம் சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய ‘ஆர்க் மோடு’, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வெற்று எழுத்துக் கோப்பிலேயே அனைத்தையும் வைத்திருப்பதால், அங்கே போய்ச் சேர்ந்தவர் வேறெங்கும் குடிபெயரத் தேவையில்லை என்பர். அக்காரணத்தினாலேயே பட்டியலார் அங்கே நெடுநாள் தங்கவில்லை. இத்தனை பயணத்திலும் குழாய் வரி மட்டும் ஓர் எழுத்தும் சிதையாமல் ஐந்து செயலிகளைக் கடந்து வந்திருக்கிறது.

இப்பிணி பயன்படுத்துவோரை மட்டும் பற்றுவதன்று. 1988இல் வெளிவந்த ‘லோட்டஸ் அஜெண்டா’வை உருவாக்கியோருள் ஒருவரான மிட்ச் கேப்போர், மின்னஞ்சல், நாட்காட்டி, வேலைப்பட்டியல் மூன்றையும் ஒன்றாக்கும் ‘சாண்ட்லர்’ என்னும் மென்பொருள் திட்டத்தை 2002இல் அறிவித்தார். அதன் முதல் முழுப் பதிப்பு 2008இல்தான் வெளிவந்தது. அத்திட்டம் தடுமாறிய கதையை ஸ்காட் ரோசன்பெர்க் எழுதிய நூலோ, 4,732 பிழைகள் என்னும் கணக்கைத் தன் துணைத்தலைப்பிலேயே தாங்கிக்கொண்டு, 2007இலேயே கடைக்கு வந்துவிட்டது. காலத்தை ஒழுங்குபடுத்த வந்த மென்பொருளைக் காட்டிலும் அதன் தாமதத்தைப் பற்றிய நூல் முந்திக்கொண்டதை அறிந்தபோது பட்டியலார் சிரிக்கவில்லை. அந்நூலை ‘படிக்க வேண்டியவை’ என்னும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பட்டியலாரின் வீட்டிலேயே இதற்கு மாறான மரபு ஒன்றும் நிலவுகிறது. மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறை ஆணியில் தொங்குகிறது. ராகு காலமும் எமகண்டமும் அச்சிட்ட கட்டங்களின் இடையிலேயே, பால் வராத நாளுக்கு ஒரு சுழி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மொய் எழுத வேண்டிய கல்யாணத்துக்கு ஒரு வட்டம் எனத் துணைவியார் பென்சிலால் குறித்துவருகிறார். அதற்குக் கடவுச்சொல் இல்லை. ஒத்திசைவும் வேண்டியதில்லை, ஏனெனில் வீட்டார் அனைவரும் ஒரே ஆணியைத்தான் பார்க்கின்றனர். அதன் ஓரத்தில் பிளம்பரின் எண்ணும் இருந்தது. துணைவியார் ஒரு நாள் கூப்பிட்டார், பிளம்பர் வந்தார், வாஷரை மாற்றினார், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

செய்தி அறிந்த பட்டியலாருக்கு ஓர் அறச்சிக்கல் எழுந்தது. தாம் செய்யாத வேலையை ‘முடிந்தது’ என்று குறிப்பது பொய்யாகும். அழித்துவிடுவதோ மூன்றாண்டு ஆவணத்தை இழப்பதாகும். ‘பிறரால் முடிக்கப்பட்டவை’ என்னும் பிரிவுக்கு இப்போதைய செயலியில் இடமில்லாமையால், இடமுள்ள செயலி ஒன்றை அவர் தேடிக்கொண்டிருக்கிறார். அது கிடைக்கும்வரை, சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் கைப்பேசி குழாயை நினைவூட்டுகிறது. அவரும் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறார். குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, பட்டியல்தான் சொட்டிக்கொண்டிருக்கிறது.