பனையேறிக்கு பம்பு எதுக்கு?

வாடா தம்பி. கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கியாமே? குமிழி விடுற மோட்டாரு, ராத்திரிக்கு நீல லைட்டு, அடியில பிளாஸ்டிக் பாசி. பேஷ்! குடித்தனம் இருக்கிறது யாரு? நம்ம வாய்க்கால் பனையேறிக் கெண்டையா? அதுக்கா காத்து அடிச்சு விடுறே?

ஏண்டா, அது உன்னையாட்டம் மேல் காத்தக் குடிக்கிற மீனுடா. செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு பை வச்சிருக்கு. மேல வந்து ஒரு வாய் காத்தக் கவ்விக்கிட்டுத்தான் கீழ போவும். வர விடாம அமுக்கி வச்சியோ, மீனு தண்ணியில முங்கிச் செத்த கதையாயிடும். நீ என்னடான்னா விளிம்பு வரைக்கும் தண்ணிய ஊத்தி இறுக்க மூடி வச்சிருக்கே! மூடி வேணும்தான், இல்லாட்டி ராத்திரி உன் பாயிக்கே நடந்து வந்துடும். நாலு விரக்கடை எடமாவது விடு.

நடக்குமாவா? ஐப்பசி மழையில, புதுத்தண்ணி வரப்பத் தாண்டுறப்ப வந்து பாரு. செவுள் மூடிய விரிச்சு, ஓரத்து முள்ள மண்ணுல ஊனி, வாலால ஒரு தள்ளு. அந்தப் பக்கம் ஊனி இன்னொரு தள்ளு. ஈரம் இருந்தாப் போதும், தண்ணியில்லாமயே நாள்கணக்குல உசுரோட கெடக்கும். அந்த முள்ளு கையக் கிழிக்கிற லட்சணத்த, சாம்பல் போட்டுத் தேய்க்கிற உங்க அப்பாயியக் கேளு.

இந்த அமர்க்களம் உன்னோட ஆரம்பிச்சதில்ல. 1791-ல, டேனிஷ்காரன் ஆண்ட தரங்கம்பாடியில, டால்டார்ஃபுன்னு ஒரு லெப்டினன்ட் தொரை இருந்தான். குட்டையோரப் பனைமரத்துல, பட்டை வெடிப்புல, தண்ணிக்கு அஞ்சடி மேல இந்த மீனு ஏறிக்கிட்டிருந்ததப் பாத்தேன்னு எழுதிப்புட்டான். 1797-ல லண்டன் லின்னேயன் சங்கத்து ஏட்டுல அச்சாச்சு. அம்புட்டுத்தான்! ஏறுமா, ஏறாதான்னு படிச்சவங்க நூறு வருசத்துக்கு மேல கட்சி கட்டினாங்க. 1927-ல தாஸுன்னு நம்ம நாட்டு விஞ்ஞானி ஒருத்தர், மரத்துல கெடக்கிறதெல்லாம் பருந்தும் காக்காயும் தூக்கிட்டுப் போயிப் போட்ட மீனுன்னாரு.

தொரை புளுகினான்னு நான் சொல்ல மாட்டேன். மழை வழியுற மரத்துல அஞ்சடி ஊர்ந்திருக்கும், யாரு கண்டா? உச்சிக்குப் போயிக் கள்ளா எறக்கப் போவுது? ஆனா ஒண்ணு. காலையும் சாயங்காலமும் கள்ளு எறக்க அந்த மாதிரி மரத்துல ஏறி எறங்குனவன் அதே ஊருலதான் இருந்திருப்பான். அவனக் கூப்பிட்டு, ‘ஏம்ப்பா, மேல போறப்ப எதிர்ல மீனு வருமா?’ன்னு கேக்க எந்தத் தொரைக்குத் தோணுச்சு?