மறைந்திருக்கும் வரிகள்: வடசென்னை அறிக்கை சாஸ்திரத்தில் ஓர் ஆராய்ச்சி

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் பிரதேசத்தில், கப்பல் ஏஜென்ஸி, கண்டெய்னர் யார்டு, லாரி புக்கிங் ஆபீஸ், வார்ப்படச் சாலை, நிலக்கரிக் கிடங்கு ஆகிய எந்த ஸ்தாபனத்துக்குள் நுழைந்தாலும், சரக்குக்கும் யந்திரத்துக்கும் தொழிலாளிக்கும் கிடைக்கும் மரியாதையைக் காட்டிலும் ஒரு படி அதிகமான மரியாதையைப் பெற்றுவரும் நான்காவது வஸ்து ஒன்று அங்கே இருக்கக் காணலாம். அதற்கு ரிப்போர்ட் என்று பெயர். சரக்கு தாமதமானால் சமாதானம் சொல்லலாம். கப்பல் தாமதமானால் கடலின் மேல் பழி போடலாம். காலை ஒன்பதரைக்குப் போக வேண்டிய ரிப்போர்ட் பத்து மணிக்குப் போனால் அதற்கு எந்த ஸ்மிருதியிலும் பிராயச்சித்தம் விதிக்கப்படவில்லை. இத்துணைப் பிரபாவம் வாய்ந்த ஒரு பொருளைப் பண்டிதர்கள் ஏறிட்டும் பாராது விட்டிருப்பது, அவர்களில் எவரும் மாதக் கடைசியில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் உட்கார்ந்து பழகாததனால் நேர்ந்த குறையென்றே கருத வேண்டியிருக்கிறது. அக்குறையை ஓரளவேனும் நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும்.

முதற்கண் வம்ச வரலாறு. குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்னும் மூன்றைக் கொண்டு நம் கணக்குப்பிள்ளைகள் உலகத்தையே அளந்து வந்தார்கள். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் புறப்பட்டபோது, அதில் ஏறிய சரக்குக்கும் இறங்கிய சரக்குக்கும் ஒருவர் எங்கோ உட்கார்ந்து கட்டம் போட்டுக் கணக்கு எழுதியிருப்பார் என்பதில் ஐயமில்லை. கட்டம் தாளை விட்டுத் திரைக்கு ஏறியது 1979-இல். விஸிகால்க் என்னும் அந்தப் பூர்வீகரை 1983-இல் லோட்டஸ் 1-2-3 வென்றது. 1985-இல் மக்கின்டாஷ் யந்திரத்தில் அவதரித்த எக்ஸெல் பின்பு விண்டோஸுக்குக் குடிபெயர்ந்து லோட்டஸை வென்றது. இவற்றுக்கு அப்பால் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்றும், டாப்லோ என்றும், பவர் பி.ஐ. என்றும் கீர்த்தி பெற்ற கருவிகள் பல உண்டு. அவற்றை வாங்குவதற்கு நிர்வாகங்கள் செலவிடும் திரவியமும் சொற்பமன்று. ஆயினும் அவை எல்லாவற்றிலும் அதிகமாக அழுத்தப்படும் பொத்தான், "எக்ஸெலுக்கு அனுப்பு" என்பதே. பெரிய தொழிற்சாலையில் ஸாப் இருக்கலாம், சிறிய ஆபீசில் டேலி இருக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டும் எக்ஸெல்தான். ஆகவே இவ்வாராய்ச்சியையும் எக்ஸெலோடு வரையறுத்துக்கொள்வதில் தோஷமில்லை.

இப்பிரதேசத்து உபாசகர்கள் இரண்டு சம்பிரதாயங்களாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு சாரார் வி-லுக்கப் மார்க்கத்தினர். மறு சாரார் பிவட் மார்க்கத்தினர். தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் வாயால் கவ்விச் செல்ல வாளாவிருக்கும் பூனைக் குட்டியையும் காட்டி வைஷ்ணவ ஆசாரியர்கள் கலை பேதத்தை விளக்கியது, இவ்விரு மார்க்கத்துக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. வி-லுக்கப்பார் ஒவ்வொரு மதிப்பையும் தாமே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து தம் கட்டத்தில் இருத்துவர். பிடி நழுவினால் வீழ்ச்சிதான். பிவட்டார் தம் சுதந்திரத்தைப் பூரணமாக அர்ப்பணித்துவிட்டு, நான்கு பெட்டிகளில் நான்கு தலைப்புகளை இழுத்துப் போட்டுக் கண்மூடி இருப்பர். மற்றதை யந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு மார்க்கத்துக்கும் ஒவ்வொரு நரகம் உண்டு. வி-லுக்கப் சூத்திரத்தில் நான்காவதாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே பூஜ்யம் போடாமல் விட்டவர்களுக்குச் சரியான விடைக்குப் பதிலாக, ஏறத்தாழப் பொருந்தும் விடை கிடைக்கும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாதிருந்தாலோ அந்தப் பொருத்தமும் இராது. பிழை என்று திரையில் சிவப்பு விழுந்தால் மனிதன் எச்சரிக்கை அடைவான். மீஞ்சூர் லாரிக்கு மணலி லாரியின் வாடகை அமைதியாக வந்து அமர்ந்தால் யார்தான் சந்தேகிப்பார்? பிவட்டாரின் நரகம் வேறு விதம். மூலப் பட்டியலில் எத்தனை திருத்தம் செய்தாலும், ரிஃப்ரெஷ் என்னும் மந்திரத்தை உச்சரிக்கும் வரையில் பிவட் நேற்றைய உலகத்திலேயே யோக நித்திரையில் ஆழ்ந்திருக்கும். அந்த மந்திரத்தை மறந்து அனுப்பப்பட்ட ரிப்போர்ட்டுகளைக் கொண்டு எத்தனை மீட்டிங்குகள் நடந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, தொழில் நடந்துகொண்டிருப்பதே தெய்வச் செயல் என்று தோன்றுகிறது.

சில்லறை அபாயங்களையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. அவற்றுள் கடைசி இலக்கம், முன்னுள்ள பத்துக்கும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துச் செல்லும் எடையிட்டுக் கூட்டிப் பதினொன்றால் வகுத்த மீதி. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதன் தாத்பரியம். இரும்புப் பெட்டிக்கு வாய்த்த இந்தத் தற்காப்பு அதைப் பற்றிய ரிப்போர்ட்டுக்கு வாய்க்கவில்லை. எண்ணின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால் போதும், துறைமுக வாசலான ஜீரோ கேட்டுக்கு வெளியே மலைபோல் நிற்கும் அதே பெட்டியை எக்ஸெல் "இல்லை" என்று சாதிக்கும். பன்னிரண்டு இலக்க இ-வே பில் எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால் அது சுருங்கிப் புள்ளியும் ஈ என்னும் எழுத்துமாய் உருமாறி நிற்கும். தேதியின் சங்கதி இன்னும் விநோதமானது. அமெரிக்க வழக்கில் அமைந்த யந்திரத்தில் மூன்று, நான்கு என்று எழுதினால் நம் ஏப்ரல் மூன்றாம் தேதி மார்ச் நான்காம் தேதியாகிவிடும்; பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாளாயின் தேதியே ஆகாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கம் நிற்பது தேதி, இடப்பக்கம் நிற்பது வேஷம் என்பது நம் பிரதேசத்து அனுபவஸ்தர்கள் அறிந்த சாமுத்ரிகா லட்சணம். இவ்வளவுக்கும், 1900-ஆம் வருஷத்தில் பிப்ரவரி 29 என்று விடியவே விடியாத ஒரு நாளைத் தன் பஞ்சாங்கத்தில் எக்ஸெல் இன்றும் வைத்துக் காப்பாற்றி வருகிறது; லோட்டஸ் செய்த பிழையை, லோட்டஸின் கோப்புகளோடு ஒத்துப்போகும் பொருட்டு அறிந்தே சுவீகரித்துக்கொண்டதன் பலன் அது. வென்றவன் தோற்றவனின் பிழையையும் ஆஸ்தியோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட தர்மம் பாராட்டத்தக்கது.

இவை எல்லாம் புறத்தோஷங்கள். சாஸ்திரத்தின் ஹிருதயம் வேறிடத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் என்பது எண்களைச் சேர்ப்பதனால் உண்டாகிறது என்பது பாமர அபிப்பிராயம். அநுபவத்தில் பார்த்தால், எதை விலக்கினோம் என்பதிலேயே அதன் உயிர் இருக்கிறது. ரிப்பேருக்குப் போன லாரியைக் கணக்கில் எடுக்கலாமா, காலிப் பெட்டியைச் சரக்கென்று எண்ணலாமா, ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்ட் உற்பத்தி எந்த வாரத்தைச் சேர்ந்தது ஆகிய கேள்விகளுக்கு ஒருவர் என்றோ ஒரு நாள் ஒரு முடிவு செய்து ஃபில்டரைப் போட்டிருப்பார். அவர் மாற்றலாகியோ, ஓய்வு பெற்றோ போயிருப்பார். ஃபில்டர் அங்கேயே இருக்கும்.

"என்னண்ணே, நேத்தைவிட நாப்பது பாக்ஸ் கம்மியா காட்டுது?"

"ஃபில்டர எடுத்துட்டுப் பாருங்க சார்."

"எடுத்தா நூத்திப்பத்து கூட வருது!"

"அப்ப எடுக்காதீங்க சார்."

மேலே கண்டது வெறும் ஹாஸ்யமன்று; ஒரு தரிசனம். எக்ஸெலின் கூட்டல்களே இவ்விஷயத்தில் ஒருமைப்பட்டவை அல்ல. ஸம் என்னும் சூத்திரம் மறைந்த வரிகளையும் பாரபட்சமின்றிக் கூட்டும். ஸப்டோட்டல் என்னும் சூத்திரமோ ஃபில்டர் மறைத்ததைக் கூட்டாது. ஆனால் கையால் மறைத்த வரியானால், சூத்திரத்துக்குள் ஒன்பது என்று எழுதினால் அதைக் கூட்டும். நூற்றொன்பது என்று எழுதினால் கூட்டாது. நூறு என்னும் ஓர் அதிகப்படியால் மறைவின் தத்துவமே மாறிப்போகும் இந்த நுட்பத்துக்கு ஒரு பாஷ்யகாரர் இன்னும் தோன்றவில்லை.

இந்தத் தத்துவத்தின் ஆதி பீடம் இப்பிரதேசத்திலேயே இருப்பது நம் பாக்கியம். திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி கோயிலின் மூலவருக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு திருநாமம் வழங்குகிறது. அரசன் ஒருவன் கோயில்களைப் பாதிக்கும்படியான ஓர் ஆணையை ஓலையில் எழுதுவித்து அனுப்ப, அவ்வோலையின் வரிகளுக்கு நடுவே, எழுதிய ஓலைநாயகமும் அறியாத வண்ணம், ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்ற கருத்துடைய சொற்கள் தோன்றியிருந்தன என்றும், அதைக் கண்டு வியந்த அரசன் அதை இறைவன் கையெழுத்தென்று தெளிந்தான் என்றும் ஐதீகம். அரசாங்க அறிக்கை ஒன்றில் அனுமதியின்றி இடப்பட்ட முதல் ஃபில்டர் இதுவே என்று அடியேன் துணிகிறேன். ஆயினும் அதில் நாம் கவனிக்கத் தவறக்கூடாத ஒரு நேர்மை இருக்கிறது. விலக்கு, ஓலையிலேயே, படிக்கிறவன் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருந்தது. சர்வ வல்லமை படைத்தவர், ஒற்றியூரை மட்டும் ஓசைப்படாமல் மறைத்துவிட்டுக் கூட்டுத்தொகையைக் காட்டியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. நம் குமாஸ்தாக்கள் செய்கிறார்கள்.

எழுதாத விலக்கு என்ன செய்யும் என்பதற்குச் சீமையிலிருந்து ஒரு திருஷ்டாந்தம். 2020-ஆம் வருஷம் கொரோனாக் காலத்தில் இங்கிலாந்தின் பொது சுகாதார இலாகா, பரிசோதனைச் சாலைகளிலிருந்து வந்த விவரங்களைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்புகளில் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. புதியது பத்து லட்சத்துக்கு மேல் கொள்ளும். கொள்ளளவுக்கு மேற்பட்ட வரிகள் சத்தமின்றி உதிர்ந்ததனால், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாகச் சில நாட்களில் 15,841 நோயாளிகள் தினசரி எண்ணிக்கையில் சேராமற் போயினர். விடுபட்டது எதுவென்று கோப்பின் தலையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2011-இல் உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாள்வது நின்றது. தூசியைச் சுவாசித்துக்கொண்டிருந்த இராயபுரத்து ஜனங்கள் சற்று மூச்சு விட்டார்கள். 2001 முதல் அனல் மின்நிலைய நிலக்கரிக்கென்று இயங்கிவந்த எண்ணூர்த் துறைமுகத்துக்கு அந்தச் சுமை நகர்ந்தது. இந்தச் சரித்திரத்தை அறியாத ஒருவர் இரண்டு துறைமுகங்களுக்கும் தனித்தனியே வரைபடம் போட்டால், ஒன்றில் பாதாளமும் மற்றொன்றில் சிகரமும் தோன்றும்; ஒரு மானேஜரைத் தண்டிக்கவும் மற்றொருவருக்குப் பதவி உயர்வு தரவும் அப்படமே சாட்சியாகும். வரைபடத்தின் அடியில் ஒற்றை வரி இருந்திருந்தால் இரண்டு மானேஜர்களும் அவரவர் நாற்காலியில் சுகமாக இருந்திருப்பார்கள்.

எஞ்சியது பயிற்சி விஷயம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் தட்டிய ஓசை அடங்கி, டேலி, எம்.எஸ். ஆபீஸ், அட்வான்ஸ்டு எக்ஸெல் என்னும் பலகைகள் மேலேறிவிட்டன. அங்கே போதிக்கப்படுவது பெரும்பாலும் அலங்காரமே: கட்டத்துக்கு வர்ணம், தலைப்புக்குத் தடித்த எழுத்து, ஒரு பை சார்ட், தைரியசாலிகளுக்கு மேக்ரோ. எக்ஸெலில் சுமார் ஐந்நூறு சூத்திரங்கள் உண்டு. பாணினி முனிவருக்குச் சிவபெருமான் உபதேசித்தவை பதினான்கே. அந்த ஐதீகத்தையொட்டி ஒற்றியூர்க் கோயிலில் வியாகரணதான மண்டபம் என்று இலக்கணம் போதிக்கும் சாலை ஒன்று இருந்ததையும், அதைப் பராமரிக்க நிலம் விடப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டு கூறுகிறது. இலக்கணம் பெரும்பாலும் எந்த விதி எங்கே பொருந்தாது என்பதைக் கற்பிக்கும் வித்தையாதலால், ஐந்நூறையும் மனனம் செய்வித்து விதிவிலக்கை மட்டும் விட்டுவிடும் இக்காலப் பாடத்திட்டத்தை அம்மண்டபத்து ஆசிரியர்கள் ஒப்பியிருக்க மாட்டார்கள்.

ஆதலால் இப்பிரதேசத்துக்கென்று ஒரு பரீட்சையை அடியேன் சிபாரிசு செய்கிறேன். பரீட்சார்த்தியிடம் கண்டெய்னர் பட்டியல் ஒன்று கொடுக்கப்படும். அதில் இடப்பக்கத்து எண்கள் 41-க்குப் பிறகு 58 என்று தாண்டியிருக்கும். மொத்தம் எத்தனை பாக்ஸ் என்பதே கேள்வி. உடனே விடை எழுதியவர் தேறவில்லை. சூத்திரம் போட்டு, எண்ணுக்கு வர்ணமும் பூசி எழுதியவர், மறு பரீட்சைக்கும் இரட்டைக் கட்டணம் செலுத்தக் கடவர். "நடுவுல பதினாறு ரோ எங்க சார் போச்சு?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டவர் தேறினார். அதை யார் மறைத்தார், எதற்காக என்று கேட்டுத் தெரிந்து, முதல் கட்டத்தில் "இவை நீங்கலாக" என்று ஒரு வரி எழுதி, அதன் பக்கத்தில் தம் இனிஷியலையும் இட்டவர் முதல் வகுப்பு. பரீட்சை எந்த நாளிலும் நடக்கலாம், மாதக் கடைசி மூன்று நாட்கள் நீங்கலாக.