ஆயாம்மா யாரு?

மடிப்பாக்கத்தில் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே கடைக்காரர் கேட்பார்: "பாப்பாவை எங்க போட்டிருக்கீங்க?" இன்னும் எங்கேயும் போடவில்லை என்றால் தராசு அப்படியே நின்றுவிடும். பின்னால் முருங்கைக்காய் பொறுக்குகிற அம்மாள், "இன்னுமா போடலை? எங்க மருமக மாசமா இருக்கும்போதே விசாரிக்க ஆரம்பிச்சுட்டா" என்பார். எனக்குச் சீமந்தத்தன்று வளையல் எண்ணத்தான் நேரம் இருந்தது.

எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் என் கணவர். அவர் எதை ஏற்றுக்கொண்டாலும் முதலில் ஓர் எக்ஸல் ஷீட் பிறக்கும். பள்ளியின் பெயர், தூரம், ஃபீஸ், சிலபஸ், வேன், ஏ.சி., சிசிடிவி, ஃபோனிக்ஸ், அபாகஸ் என்று பக்கவாட்டில் நீண்டுகொண்டே போய், லேப்டாப் திரைக்கு வெளியே ரோபோட்டிக்ஸில் முடிந்தது. மகளுக்கு அப்போது செருப்பின் இடது வலது தெரியாது.

தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு ஒரே கேள்விதான்: "இங்கிலீஷ் எப்படி?" வீட்டு ஓனருக்கும் இதில் அக்கறை உண்டு. ஹால் சுவரில் என் மகள் கிரேயானால் வரைந்த யானையைப் பார்த்ததிலிருந்து, வாடகை வாங்க வரும்போதெல்லாம் "சீக்கிரம் ஸ்கூல்ல போடுங்கம்மா" என்கிறார். அத்தை மட்டும் எதுவும் சொல்லாமல் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார்.

முதலில் போனது, பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' உள்ள பள்ளி. போகிற வழியில் இவர் எங்களுக்குச் சட்டம் சொன்னார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கக் கூடாது; பிள்ளையையோ பெற்றவர்களையோ சோதித்து வடிகட்டக் கூடாது. வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 வரை. ஆகவே இன்டர்வியூ கிடையாது, பயப்படாதே என்றார்.

இன்டர்வியூ கிடையாதுதான். இன்டராக்‌ஷன் இருந்தது. பிரின்சிபால் மேடம் வாழைப்பழப் படத்தைக் காட்டி, "வாட் கலர் இஸ் திஸ்?" என்றார்.

"பழம்" என்றாள் மகள்.

"கலர், பேபி?"

"உரிச்சுக் குடு."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். இருவரும் என்ன படித்திருக்கிறோம், வீட்டில் எந்த மொழி பேசுகிறோம், பிள்ளை வளர்ப்பில் எங்கள் தத்துவம் என்ன? பிள்ளை தூங்கினால் சத்தம் போடாமல் இருப்பதைத் தவிர எங்களிடம் தத்துவம் ஏதும் இல்லை. இவர் 13-ஆம் பிரிவை வாய்வரை கொண்டுவந்து விழுங்குவதைப் பார்த்தேன். காரணத்தை வெளியே வந்தபின் சொன்னார். அதே சட்டம் 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. கேஸ் போட்டால் முதல் வாய்தாவிலேயே இதைக் கிளப்புவார்கள். வாயில் சூப்பும் விரலும் கழுத்தில் எச்சில் துணியுமாக நிற்கிற எங்கள் மகள், சட்டத்தின் கணக்கில் இன்னும் குழந்தையே ஆகவில்லை.

கிளம்பும்போது பிரின்சிபால், "பேபி டாய்லெட் ட்ரெயின்டுதானே?" என்று கேட்டார். அதுவரை மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"இல்லைன்னா இங்க யாரு பாத்துக்குவாங்க? ஆயாம்மா யாரு?"

"அதெல்லாம் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிக்கு விட்டிருக்கோம்மா. ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க."

காரில் அத்தை சொன்னார்: "மூணு வயசுப் புள்ள பள்ளிக்கூடத்துல என்ன பண்ணும்? அழும், சிந்தும், ஒண்ணுக்குப் போகும், தூங்கும். இதுல பிரின்சிபால் எங்க வர்றாங்க?"

எக்ஸலில் அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்தது மாண்டிசோரி. எங்கள் பக்கத்தில் மூன்று தெருவுக்கு ஒரு மாண்டிசோரிப் பலகை தொங்குகிறது. அதற்குச் சென்னைக்கு உரிமையும் உண்டு. மரியா மாண்டிசோரி 1939-இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். மறு வருஷம் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அவரைக் கிளம்ப விடவில்லை. அடையாறும் கொடைக்கானலுமாக 1946 வரை இங்கேயே இருந்துவிட்டார். சென்னைக்குச் சில மாத வேலையாக வந்து வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களில் அவர் முன்னோடி.

நாங்கள் பார்த்த பள்ளியில் அவருடைய படத்துக்குச் சந்தனமாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடி பீரோ; உள்ளே அவருடைய புகழ்பெற்ற இளஞ்சிவப்புக் கோபுரம், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கட்டைகள், தூசி படாமல். பீரோவில் பூட்டு. எதற்கு என்று கேட்டேன். "திறந்து வெச்சா பசங்க எடுத்து விளையாடிடுவாங்க மேடம்" என்றார் டீச்சர்.

அன்றிரவு அந்த அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அவருடைய முதல் பள்ளி 1907-இல் ரோமில், சான் லொரென்சோ என்கிற ஏழைகள் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைகள் படிக்கட்டையும் சுவரையும் பாழாக்கினார்கள். கட்டடக்காரர்கள் அதைத் தடுக்க வழி தேடினார்கள். எங்கள் ஓனர் நூறு வருஷம் முந்திப் பிறந்திருந்தால் அவரும் கல்விச் சிந்தனையாளர்தான். இன்னொன்றும் இருந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட முதல் பெண், ஆசிரியப் பயிற்சி பெற்றவர் இல்லை. அந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகள். இதை அத்தையிடம் சொன்னேன். "பின்ன?" என்றார். உலகக் கல்வி வரலாறு அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

தெருக்கோடி அங்கன்வாடியையும் அத்தைதான் ஞாபகப்படுத்தினார். அவருக்கு அது இன்னும் பால்வாடி. 1975-இல் காந்தி ஜயந்தியன்று மத்திய அரசு ஆரம்பித்த திட்டம் அது. ஒரு பணியாளர், கூடவே ஓர் உதவியாளர் என்று அரசாங்கமே பதவி போட்டு வைத்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு ஆயா வேண்டும் என்பது கோட்டைக்குத் தெரிந்திருக்கிறது, பளபளப்புத் தாளில் பிரோஷர் அடிப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை. ஆனால் "பால்வாடியா? ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது?" என்றார் இவர். எக்ஸலில் வெளிப்படையாக எழுத முடியாத கட்டம் அது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு பழைய வீட்டுப் பள்ளிக்குப் போனோம். வேப்பமரம், சறுக்குமரம், பெயின்ட் போன கேட். ஏ.சி. இல்லை, ரோபோ இல்லை. கரஸ்பாண்டன்ட் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் சேலையைச் செருகிய ஓர் அம்மா உள்ளே வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மகளின் காலைப் பார்த்தார். "ஏய் கண்ணு, செருப்பு ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் பாக்குது பாரு" என்றார். மகள் குனிந்து பார்த்தாள். கழற்றினாள். மாற்றிப் போட்டாள். நாங்கள் மாதக்கணக்கில் போராடிய சமாசாரம்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்றார் அத்தை.

"இந்தப் புள்ளையோட கிளாஸ் டீச்சரையே நான்தாம்மா கழுவி விட்டேன்."

"பணத்தைக் கட்டு" என்றார் அத்தை மகனிடம்.

விஜயதசமியன்று சேர்த்தோம். தட்டில் அரிசி பரப்பி 'அ' எழுத வைத்தார்கள். மகள் அரிசியைத் தின்றாள். இப்போது வீடு அவள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் வரிசையில் நின்று கையைக் காட்ட வேண்டும். ஒரு தாலுகாவையே பட்டாவுக்கு அலையவிட்ட மாமா, "நகம் அழுக்கு, போயி கழுவிட்டு வா கண்ணு" என்று திருப்பி அனுப்பப்படுகிறார். இங்கிலீஷ் எப்படி என்று அவர் இப்போது கேட்பதில்லை.

ஃபீஸ் ரசீதை இவர் எக்ஸலில் ஏற்றினார். ட்யூஷன், புக்ஸ், யூனிஃபார்ம், ஆன்யுவல் டே, ஐடி கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஆயாம்மாவுக்கு மட்டும் வரி இல்லை. தீபாவளிக்கு டீச்சருக்குப் புடவை எடுக்கும்போது ஆயாம்மாவுக்கும் ஒன்று எடுக்கலாமா என்று நான் கேட்டேன். டீச்சர் புடவையின் விலையில் பாதிக்குப் பார்க்கலாம் என்றார் இவர். அத்தை அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்:

"ஆயாம்மாவுக்கு அம்பது ரூபா கூடவே போடு. டீச்சரைக் கழுவி விட்டதும் அவங்கதானே."