தானமாய் வந்த சாலை தொடர்பாக ஒரு விண்ணப்பம்

மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் வழங்கும் நகர் ஊரமைப்பு அலுவலகங்களுக்கும், அம்மனைப்பிரிவுகளின் சாலைகளைத் தானமாகப் பெற்றுக்கொள்ளும் தமிழ்நாட்டு உள்ளாட்சி நிர்வாகங்களுக்கும், புதுமனைக் குடியிருப்போர் சார்பில் எழுதப்படும் திறந்த மடல்.

மேன்மை தங்கிய சமூகத்திற்கு,

நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், வரைபடத்தில் காட்டிய சாலைகளைத் தானப் பத்திரத்தின் மூலம், அதாவது விலை பெறாமல் உரிமையை மாற்றித் தரும் பதிவு ஆவணத்தின் மூலம், உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும், 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவானால் சாலைகள் நீங்கிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, வழக்கில் ஓ.எஸ்.ஆர். எனப்படும் நிலமாக, அவ்வாறே கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அந்த ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் கூறிவிட்டபடியால், தானம் வாங்குவதில் சமூகத்திற்கு இனிச் சட்டச் சங்கடம் ஏதுமில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்ற முன்னோர் வாக்கை அட்சரம் பிசகாமல் போற்றும் சமூகம், விளம்பரத்தில் '23 அடி தார்ச்சாலை' என்று மின்னிய அப்பாதையில் தாரின் கனத்தைக் குச்சியால்கூடக் குத்திப் பார்ப்பதில்லை. அதனால் ஆய்வுக்குச் சில நாள் முன்பு ஜல்லியின்மேல் பூசப்பட்ட அந்தத் தார், முதல் ஐப்பசி மழையிலேயே ஜல்லியிடம் விடைபெற்றுக்கொண்டு பக்கத்து மனையின் பள்ளத்தில் தங்கிவிடுகிறது.

அதன்பின் தொடங்குவது, சாலையின் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை. வீட்டுவரி கேட்கும் மாதத்தில் பொதுச்சாலையாக விளங்கும் அது, வடிகாலும் தெருவிளக்கும் கேட்டு மனு வரும் மாதத்தில் 'இன்னும் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியால் தனியார் வழியாகிவிடுகிறது. சுற்றுச்சுவரும் வளைவும் எழுப்பிய வளாகங்களிலோ நிலைமை தலைகீழ்: தானப் பத்திரப்படி ஊருக்கே சொந்தமான சாலையின் வாயிலில் குறுக்குக் கம்பி இறங்கியிருக்க, பின்னால் உள்ள கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் பால்காரர் பெயர், கைபேசி எண், பார்க்கப் போகும் வீட்டு எண் ஆகியவற்றைக் காவலாளியின் நீள நோட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தம் ஊராட்சியின் சாலையில் கால் வைக்கிறார்.

ஒப்புதலே பெறாத மனைப்பிரிவுகளின் கதை இன்னும் சுவையானது. அவற்றின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20-க்குள் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது கட்டணம் பெற்று விதிக்குள் கொண்டுவர, 2017-இல் தனி விதிகள் வந்ததும் ஊரறிந்தவை. அவ்வாறு வளர்ச்சிக் கட்டணம் கட்டிய ரசீது பலர் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வாசலில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.

ஆகவே சமூகம் மனமிரங்கி, ஒவ்வொரு சாலை முனையிலும் பெயர்ப் பலகைக்குப் பதிலாகத் திருப்பி மாட்டத்தக்க இருமுகப் பலகை ஒன்றை நிறுவி, வரிவசூல் நாளில் 'பொது' என்ற பக்கத்தையும் ஏனைய நாட்களில் 'தனியார்' என்ற பக்கத்தையும் காட்டுமாறு ஊழியர் ஒருவரை நியமித்தால், பள்ளத்தில் விழுந்தவர் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதை விழுந்த இடத்திலிருந்தே படித்துக்கொள்வார். அப்பணியிடத்திற்கு நிதி இல்லையெனில், தானப் பத்திரங்களின் நகல்களை வளாக வாயில்களில் ஒட்டுவதற்கான பசைச் செலவைக் குடியிருப்போரே ஏற்பர்.

இப்படிக்கு,
சாலையின் உரிமையாளர் எனக் கருதப்படும் பொதுமக்கள்