எட்டுக்கு நாலு

எங்கள் கந்தோருக்கு அறிவித்தல் பலகை செய்யும் பொறுப்பு என் தலையில் விழக் காரணம், போன வாணி விழாவுக்கு நான் ரெஜிபோமில் வெட்டிய வீணை. அது அகப்பை போல இருந்ததை எல்லாரும் பெருந்தன்மையாக மறந்துவிட்டார்கள்.

கல்லடி ஓடாவியாரிடம் போனேன். "என்னத்துக்கு மனே வெட்டிக் குறைக்கிற? ஒட்டுப்பலகை வாறதே எட்டுக்கு நாலு. முழுசாப் போடுவம்" என்றார். அவர் அறைந்த ஆணிகளைப் பார்த்தால், 1978 நவம்பர்ச் சூறாவளி திரும்பி வந்தாலும் கந்தோர்தான் பறக்கும், பலகை நிற்கும்.

பட்டா லொறிக்குக் காசு கொடுக்க மனமில்லை. நானும் பியோன் அண்ணனும் தலையில் தூக்கிக்கொண்டு, 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தால் நடந்தோம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபிறகு பழையதில் நெரிசல் இல்லை. ஆனால் கச்சான் இருந்தது. எங்கள் ஊரில் கச்சான் இரண்டு: ஒன்று கொறிப்பது, மற்றது அடிப்பது. நடுப்பாலத்தில் அடித்தது. முப்பத்திரண்டு சதுர அடிப் பாய் விரித்த தோணியாகக் கைப்பிடிக் கம்பியில் போய்க் கரைதட்டினோம்.

அடுத்தது அலங்காரம். நீல வெல்வெட் துணி வாவியானது. பச்சை டிமைத் தாள் கண்டல் மரமானது. மட்டக்களப்பில் பாடும் மீன் இல்லாமல் எதையும் அலங்கரிக்க முடியாது. மூன்றடியில் ஒரு மீன். செதிலுக்குப் பழைய கலியாணக் காட்டுகளின் மினுங்கல் தாள். துணைக்கு நண்டு, இறால். அறிவித்தலுக்கு வால் பக்கம் ஒரு மூலை மிஞ்சியது.

தினமும் காலையில் அதன்முன் நின்று ரசிப்பேன். ஒருநாள் உப்புக்காற்றில் குண்டூசி துருப்பிடித்து வால் கழன்று விழுந்தது. அடியில் ஒரு தாள்: பண்டிகை முற்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். இறுதித் திகதி முடிந்து மூன்று கிழமை. வெள்ளைத் தாள் நீலத்தைக் கெடுக்கிறதென்று, வாசிக்காமலே வாலை அதன்மேல் நகர்த்தியது நானேதான்.

"எல்லாரும் எடுத்தாச்சே, சேர்" என்றார் பியோன் அண்ணன். "மேசை மேசையாப் போய்ச் சொன்னன். நீங்க மீனைப் பாத்துக்கொண்டு நிண்டீங்க. குழப்பவேணாம் எண்டு விட்டிட்டன்."

நிலாக் காலத்தில் வாவிக்குள் துடுப்பை இறக்கி, மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். எங்கள் கந்தோர் மீனுக்குத் துடுப்பு பியோன் அண்ணன்தான். இப்போது காலையில் முதல் வேலையாக அவரிடம் காதைக் கொடுத்துவிட்டுத்தான் பலகைப் பக்கம் போகிறேன்.