இங்கே ஓவர்டைம் பாவமுங்க மாமா

ஸ்டுட்கார்ட்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பின்னாடி லேத்து ஓடற சத்தமும் சேந்து வந்துது. மனசுக்கு நெம்ப ஆறுதலா இருந்துது. "கண்ணு, ஜெர்மன்காரன் ராத்திரி பகல் பாக்காம உழைக்கிறவன், நீ நம்ம பேரைக் காப்பாத்தோணும்"னு சொல்லியிருந்தீங்க. அத்தை பக்கத்துல இருந்து "எளைச்சுத்தான் போயிருப்பான்"னு வருத்தப்பட்டாங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் இந்தக் கடுதாசி. அத்தைக்கு முதல்ல சொல்லிடறேன்: எளைக்கலைங்க. போன தீபாவளிக்குத் தெச்ச பேன்ட்டுக்கு இப்பப் பொத்தான் மாட்ட முடியலை. உங்களுக்கான பதில் கொஞ்சம் நீளம். லேத்தை நிறுத்தீட்டு, பட்டறைப் பசங்க காதுல விழாத இடமாப் பாத்து உக்காந்து படிங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கே நம்ம கணபதி ஏரியாவுல கொடி புடிச்சிருவாங்க.

இந்த ஊர்ல ராத்திரி பகல் பாக்காம உழைக்கறது சட்டப்படி குத்தமுங்க மாமா. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அவசரம்னா 10 மணி நேரம் வரைக்கும் இழுக்கலாம். இழுத்ததைப் பின்னாடி குறைச்சுச் சரிக்கட்டோணும். 1994ல போட்ட சட்டம். 6 மணி நேரத்துக்கு மேல வேலைன்னா நடுவுல அரை மணி நேரம் சும்மா உக்காரோணும். இன்னிக்குக் கிளம்பினதுக்கும் நாளைக்கு வந்து கார்டு தேய்க்கறதுக்கும் நடுவுல 11 மணி நேரம் இடைவெளி இருக்கோணும். இதெல்லாம் மீறினா முதலாளிக்கு அபராதம். அதனால முதலாளியே நம்மளை வீட்டுக்குத் தொரத்தறாரு.

போன மாசம் ஒரு வால்வு பாடி டிராயிங் டாலரன்ஸ்ல ஏதோ இடிச்சுது. அதைப் பாத்துட்டுப் போயிரலாம்னு உக்காந்திருந்தேன். எங்க போர்மேன் கோட்டு, தொப்பி, மப்ளர் எல்லாம் போட்டுக்கிட்டு வந்து பக்கத்துல நின்னாரு. "உன் கார்டு 9 மணி நேரம் 40 நிமிஷம் காட்டுது"ன்னாரு. இன்னும் கொஞ்ச நேரம்னேன். "20 நிமிஷம் இருக்கு. அதுல கையைக் கழுவோணும், கம்ப்யூட்டரை நிறுத்தோணும், கேட்டு வரைக்கும் நடக்கோணும்"னு கணக்குச் சொல்லீட்டு அங்கயே நின்னாரு. நம்ம பட்டறையில ராத்திரி தங்கி வேலை பாத்தா "பையன் பொறுப்பானவன்"னு பேரு. இங்க "இவனுக்குத் திட்டம் போட்டு வேலை செய்யத் தெரியலை"ன்னு பேரு.

இது ஏதோ சோம்பேறித்தனம்னு நெனச்சுக்காதீங்க. உங்க பட்டறையில பாஷ் டிரில்லிங் மெஷின் இருக்குதில்ல, அந்த ராபர்ட் பாஷ் இந்த ஊர்லதான் கம்பெனி நடத்துனாரு. 1906லயே 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்துட்டாரு. பொறவு 1984ல இந்தச் சுத்துவட்டாரத்து மெட்டல் தொழிலாளிங்க வாரத்துக்கு 35 மணி நேரம் போதும்னு வாரக்கணக்கா ஸ்ட்ரைக் பண்ணி, ஒவ்வொரு படியா எறக்கி, 1995ல அதையும் வாங்கீட்டாங்க. அப்ப அவங்க சின்னம் சிரிக்கிற சூரியன். எங்க செக்‌ஷன்ல ரிட்டயர் ஆகப்போற ஒரு பெரியவர் டூல் பாக்ஸ் மூடியில அந்த ஸ்டிக்கரை இன்னும் வெச்சிருக்காரு. சாயங்காலம் அதை மூடிப் பூட்டறப்ப அவர் முகமும் அந்த ஸ்டிக்கரும் ஒரே மாதிரி இருக்கும்.

லீவு விஷயம் சொன்னா நீங்க நம்பவே மாட்டீங்க. எங்களுக்கு வருசத்துக்கு 30 நாள். அதை எடுக்கலைன்னா ஆபீஸ்ல இருந்து கடுதாசி வரும், ஏன் எடுக்கலைன்னு. லீவுல இருக்கறப்பக் காய்ச்சல் வந்து டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கிக் குடுத்தா, அந்த நாளெல்லாம் லீவுக் கணக்குல சேராது, திருப்பிக் குடுத்துருவாங்க. காய்ச்சல்ல படுத்தவன் ஓய்வெடுக்கலைங்கறது இவங்க வாதம். இன்னொண்ணும் இருக்குது: லீவுல இருக்கறவன் ஓய்வு கெடற மாதிரி வெளிய காசுக்கு வேலை செய்யக்கூடாதுன்னு லீவுச் சட்டம் சொல்லுது. பெரியவ கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல மோட்டார் நின்னுபோய், பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நீங்க இறங்கினீங்களே, அதை எங்க போர்மேன்கிட்டச் சொன்னேன். அவரு நெம்ப நேரம் யோசிச்சாரு. காசு வாங்கலையான்னு கேட்டாரு. வாங்கலைன்னதும், "அப்பத் தப்பில்லை"ன்னு தீர்ப்புச் சொன்னாரு.

சரி, பேன்ட் சமாச்சாரத்துக்கு வர்றேன். அதுக்குக் காரணம் காத்தால 9 மணி. நம்ம பட்டறையில 10 மணிக்கு டீ, பன்னு வருமில்ல, இங்க அதுக்கு ஃபெஸ்பர்னு பேரு. அப்ப ஆளனுப்பி வாங்கிவர்றது பிரெட்சல். முறுக்கின கயிறு மாதிரி பாத்திருப்பீங்க, சினிமாவுல. இதைச் சுடறதுக்கு முன்னாடி எதுல முக்கி எடுக்கறாங்க தெரியுங்களா? காஸ்டிக் சோடாவுலங்க. பழைய பேரிங் ஹவுசிங்ல கிரீஸ் போறதுக்கு நாம ஊறப் போடற அதே சாமான், நல்லா நீர்க்கக் கரைச்சது. சூளையில போனதும் அந்தக் காரம் மாறிப்போய், செவசெவன்னு ஒரு மினுமினுப்பும், வேற எதுலயும் வராத ஒரு வாசனையும் வந்துருது. முதல் நாள் தெரிஞ்சப்பக் கையில எடுக்கவே யோசனையா இருந்துது. இப்ப 8.50க்கே காது வாசப்பக்கம் போயிருது.

அதுலயும் ஜாதி இருக்குதுங்க. இந்த ஊர்ப் பிரெட்சலுக்குக் கை மெலிசா, கடிச்சா நொறுங்கற மாதிரி இருக்கோணும். வயிறு பருத்து, குறுக்கே ஒரு கீறல் விழுந்திருக்கோணும். பக்கத்து பவேரியாக்காரன் கையையும் மொத்தமாவே விட்டுருவான். எங்க டீம்ல ஒரு பவேரியாக்காரன் இருக்கான். மெஷின் ஸ்பிண்டில் போனப்பக் கூட இங்க யாரும் குரல் ஒசத்தலை. இந்தக் கை மெலிசா மொத்தமாங்கறதுக்கு மட்டும் மாசம் ஒரு தடவை பஞ்சாயத்து நடக்கும். நான் எந்தப் பக்கமும் பேசறதில்லை. வயித்தைக் கிழிச்சு உள்ள குளுந்த வெண்ணெயைப் பட்டையா வெச்சுக் குடுத்தா வாங்கிக்குவேன்.

காப்பிக்குத்தான் கஷ்டம். மெஷின் பக்கத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கும், எல்லார் பேரும் போட்டு. ஒரு கப்பு குடிச்சா நம்ம பேருக்கு நேரா ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே அஞ்சாவது. மாசக் கடைசியில எண்ணி உண்டியல்ல காசு போடோணும். டாக்டர் பட்டம் வாங்கின எஞ்சினியர் கூட மறக்காம கோடு கிழிக்கறாரு. நான் வீட்ல இருந்து பில்டர் டிகாஷனைப் பிளாஸ்க்குல கொண்டுபோய், அங்கிருக்கற பாலைச் சுட வெச்சுக் கலந்துக்குவேன். இது கோட்டுக் கணக்குல வருமா வராதான்னு ஒருநாள் கேள்வி வந்துருச்சு. வாராந்தர மீட்டிங் கடைசியில எடுத்துப் பேசி, தூள் என்னோடது, பால் எல்லாருக்கும் பொது, அதனால அரைக்கோடுன்னு முடிவு பண்ணாங்க. இப்ப என் பேருக்கு நேரா மட்டும் குட்டைக் குட்டையா நிக்குது. டிகாஷன்ல பங்கு கேட்டு ரெண்டு பேர் வர்றாங்க; அவங்களுக்கு என்ன கணக்குன்னு இன்னும் தீரலை.

கேன்டீன்ல எனக்குப் புடிச்சது பருப்பும் ஸ்பெட்ஸ்லேயும். மாவைக் கரைச்சு ஓட்டை வெச்ச அச்சுல அமுக்கி, கொதிக்கற தண்ணியில புழிஞ்சு எடுக்கறாங்க. நம்ம சந்தகையேதான், கோதுமையும் முட்டையும் போட்டு, கொஞ்சம் குட்டையா. மேல தட்டைப்பயறு நெறத்துல பருப்பு. கூட வெக்கற பன்னிக்கறி சாசேஜை வேண்டாம்னு சொன்னா, பரிமாறற அம்மா என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு ரெண்டு கரண்டி எச்சாப் போடுவாங்க. சாசேஜுன்னதும் ஞாபகம் வருது. வடக்கே வொல்ஃப்ஸ்பர்க்ல ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 1973ல இருந்து தானே சாசேஜ் தயார் பண்ணுது. அதுக்குப் பார்ட் நம்பரே உண்டு: 199 398 500 ஏ. போல்ட்டு, வாஷருக்கு இருக்கற மாதிரியே. 2021ல ஒரு கேன்டீன்ல அதை நிறுத்தறாங்கன்னு தெரிஞ்சப்ப, மாஜி சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி) ஷ்ரோடரே எதிர்ப்புத் தெரிவிச்சு எழுதினாரு. கறி விஷயத்துல நம்ம ஊர்ல ஒரு மந்திரி கூட இவ்வளவு அக்கறையாப் பேசினதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் 1 மணி ஆனா கம்பெனி காலி. ஜெர்மனி சப்ளையர்கிட்ட ஏதாவது கேக்கோணும்னா வெள்ளிக்கு முன்னாடியே கேட்டுருங்க. இதுல எனக்கு வருத்தமும் உண்டு மாமா. முந்தின வாரம் வெள்ளிக்கிழமை எங்க கட்டடத்துல ஹீட்டர் நின்னுபோச்சு. சரி பண்றவரு திங்கக்கிழமைதான் வந்தாரு. அதுவரைக்கும் கோட்டோட தூங்கினோம். தென்னந்தோப்புல மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் வந்து நின்னா, நீங்க காயில் கட்டி விடியறதுக்குள்ள தாட்டி விடுவீங்க. அந்த மாதிரி ஒரு ஆளை இங்க எந்தக் காசு குடுத்தாலும் புடிக்க முடியாது. அந்த மூணு ராத்திரியும் உங்களைத்தான் நெனச்சேன்.

சனிக்கிழமைல லொய்ட்ஸெங்கற கொளத்துக்குப் போறேன். பூமிக்குள்ள இருந்து தானா வர்ற தாதுத் தண்ணி. ஐரோப்பாவுல புடாபெஸ்டுக்கு அடுத்தபடி இந்த ஊர்லதான் இவ்வளவு ஊத்துன்னு பெருமை பேசுவாங்க. கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டுப் பெரியவங்க வைத்தியமும் அரசியலும் பேசறாங்க. (அத்தைக்குப் படிச்சுக் காட்டறப்ப இந்த இடத்தைத் தாண்டிருங்க: ஊருக்குள்ளயே திராட்சைத் தோட்டம் இருக்குது. தோட்டக்காரங்க வருசத்துல நாலு மாசம் மட்டும் வீட்டு வாசல்ல ஒரு வெளக்குமாத்தைக் கட்டித் தொங்கவிட்டு, சொந்தமாப் புழிஞ்ச ஒயினை விக்கலாம். 40 பேர் உக்கார எடம். நான் சும்மா பாக்கத்தான் போனேன்.)

ஞாயித்துக்கெழமை ஓய்வு நாள்னு அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்குது. 1919ல எழுதின வரியை 1949 சட்டத்துலயும் அப்பிடியே சேத்துக்கிட்டாங்க. கடை கண்ணி கெடையாது. செவுத்துல ஆணி அடிக்கக்கூடாது. காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில கூடப் போடக்கூடாது, சத்தம் வருமாம். நீங்க ஞாயித்துக்கெழமை காத்தால கிரைண்டிங் வீலைப் போட்டீங்கன்னா இந்தத் தெருவே ஒட்டுக்கா வந்து நிக்கும்.

இவ்வளவு ஓய்வெடுத்தா எப்பத்தான் உழைக்கறாங்கன்னு கேப்பீங்க. மாடிப்படியிலங்க. எங்க வீட்டுக் கதவுல ஒரு வாரம் ஒரு போர்டு தொங்கும். அந்த வாரம் படி கூட்டித் தொடைக்கறது என் முறை. கேர்வோஹென்னு பேரு. ஊரைச் சுத்தமா வெக்கோணும்னு 1492லயே இந்த ஊருக்கு விதி போட்டிருந்தாங்களாம். அந்த வழியில வந்த பழக்கம். நகராட்சி விதியை 1988ல, மான்ஃப்ரெட் ரோமல் மேயரா இருந்தப்ப எடுத்துட்டாங்க. வீட்டு ஒப்பந்தத்துல இருந்தும், கீழ்வீட்டுப் பாட்டி மனசுல இருந்தும் யாரும் எடுக்கலை. நான் தொடைச்சு முடிச்சதும் பாட்டி கதவைத் தொறந்து, கைப்பிடிக்கு அடியில விரலை ஓட்டிப் பாப்பாங்க. நம்ம பட்டறையில நீங்க மைக்ரோமீட்டர் வெச்சுப் பாக்கறப்பக் கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. தேறிட்டா ஒரு துண்டு ஆப்பிள் கேக்கு கெடைக்கும். பேன்ட்டு இறுகினதுல பாட்டிக்கும் பங்குண்டு.

கேக்குன்னதும், அத்தைகிட்ட ஒரு அவசர வேலை இருக்குதுங்க. இங்க பொறந்த நாள்னா மத்தவங்க நமக்கு எதுவும் வாங்கித் தரமாட்டாங்க. பொறந்தவன்தான் எல்லாருக்கும் கொண்டு போகோணும். ஒரு நாள் முன்னாடி வாழ்த்துச் சொன்னாலும் ஆகாதாம். அடுத்த திங்கக்கிழமை என் பொறந்த நாள். கடையில வாங்கின கேக்கை வெச்சா மூஞ்சி சுளிக்க மாட்டாங்க, ஆனா குறிச்சு வெச்சுக்குவாங்க. அதனால ஒப்புட்டு பண்ணலாம்னு இருக்கேன். டீம்ல 14 பேர். கடலைப்பருப்பு, வெல்லம், மைதா அளவு எவ்வளவுன்னு அத்தை சொல்லட்டும். பருப்பை மிக்ஸியில அரைக்கோணும். ஞாயித்துக்கெழமை மிக்ஸி போட்டாப் பாட்டி மேல வந்துருவாங்க. சனிக்கிழமை அரைச்ச பூரணம் திங்கக்கிழமை காத்தால வரைக்கும் பிரிட்ஜ்ல தாங்குமா, இல்லை புளிச்சுப் போகுமான்னு கேட்டு, வெள்ளிக்கிழமை உங்க ஊர் நேரம் சாயங்காலம் 5.30க்கு மேல கூப்பிடுங்க. அப்ப நான் வீட்லதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்க அன்பு மருமகன்