கறுப்புக் கிளி

எங்கள் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கிளி கறுப்பு. காக்கை கறுப்பு, மாம்பழம் கறுப்பு, மயில் தோகைகூடக் கறுப்புதான். சொரசொரத்த பழுப்புத் தாளில் ஒரே மையில் கோட்டுப்படமாக அச்சடித்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு கிளியின் பச்சையையும் மூக்கின் சிவப்பையும் தொண்டை வறளப் பாடியபோது, படத்தில் இல்லாத நிறத்தைப் பாட்டு கொண்டுவந்து பூசிவிடும். எந்தப் பிள்ளையும் எழுந்து நின்று, "சார், கிளி கறுப்பா இருக்கே" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. நீங்கள் கேரளத்தில் மறையூரில் படித்தவரோ, வண்டிப்பெரியாற்றில் படித்தவரோ, வேலந்தாவளத்தில் படித்தவரோ, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், ஜூன் மாத ஈரத்தில் அந்தத் தாளிலிருந்து கிளம்பிய மை வாசம் இந்நேரம் உங்கள் மூக்கில் ஏறியிருக்கும்.

நான் பிறந்தது தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்போது இடுக்கி என்று ஒரு மாவட்டமே கிடையாது. அது 1972 ஜனவரி 26இல்தான் வந்தது, அதுவரை நாங்கள் கோட்டயம் மாவட்டத்துக்காரர்கள். விடிகாலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதும், அம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள், நாங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அங்கே எல்லா வகுப்புக்கும் ஒரே கூடம் என்பதால், ஒன்றாம் வகுப்பு பாடினால் நான்காம் வகுப்பு பெஞ்சில் தாளம் தட்டும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் வெள்ளைப் பசுவும் கன்றும், அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளும் அப்படித்தான் எங்கள் காதுக்குள் போயின. கவிமணி பழைய திருவிதாங்கூர்க்காரர், தேரூரில் பிறந்தவர். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரித்தபோது அவருடைய ஊர் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1954லேயே காலமாகிவிட்டார். ஊர்கள்தாம் பிரிந்தன, அவருடைய பசு எங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் அந்தப் பாட்டுகளின் வெள்ளை வேறு, எங்கள் வெள்ளை வேறு. ஜனவரியில் லயத்துக்குக் கீழே புல்வெளி முழுக்க உறைபனி இறங்கிக் கிடக்கும். செருப்பில்லாத காலை வைத்தால் சுருக்கென்று குத்தும். வெள்ளை எங்களுக்குக் கண்ணில் படுவதற்கு முன்பே காலில் பட்ட நிறம். பச்சை என்றால் அம்மாவின் விரல் நுனி, கொழுந்துச் சாறு ஏறி ஏறிக் கறையாகிப் போன விரல் நுனி. கறுப்பு என்றால் ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது வகுப்புக்குள் வந்துவிடும் வாசம். மண்ணை ஒட்டிப் பூக்கும் ஏலப்பூவின் வெள்ளை இதழில் ஓடுகிற ஊதா வரிகளைப் பற்றிப் பாட எங்களுக்குப் பாட்டே இல்லை, தாமரைக் குளத்தைப் பார்த்திராத பிள்ளைகள் தாமரைக் குளத்தைப் பாடிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சாருக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். அவரே கரும்பலகையில் எழுதிப் பாட வைப்பார். ஒன்று இன்னும் மனப்பாடமாக இருக்கிறது:

கொழுந்து பச்சை, கூடை பழுப்பு,
கொட்டி வச்சா வாசம்;
கறுத்துப் போயிப் பெட்டி ஏறும்,
கடையில் சிவந்து வீசும்.

கடைசி வரி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து டீ உறிஞ்சுகிற சத்தம் போடுவோம், அதுவும் பாட்டில் சேர்த்தியாகிவிட்டது. இலையை நசுக்கிக் காற்றுப் படப் போட்டுவைப்பதால்தான் அது கறுக்கிறது என்று பின்னால் படித்தேன். ஆனால் ஒரே இலைக்குள் பச்சை, கறுப்பு, சிவப்பு மூன்றும் இருப்பதை, ஆறு வயதில், வாசத்தோடும் சத்தத்தோடும் சொல்லிக் கொடுத்தது அந்த நாலு வரிதான்.

கோடை விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறையில் மாமா வீடு. மூணாறிலிருந்து பஸ் ஏறினால் மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற வாசம் ஜன்னல் வழியாக வரும், சின்னாறு இறங்கியதும் முகத்தில் சூடு அடிக்கும், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் கேரளத்துக்குள் நுழைவோம். இறங்கினால் நிறங்களெல்லாம் தலைகீழாகிவிட்டிருக்கும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை குறைந்த பூமி; கரிசல் மண், பனைமரம், கடலைக்காடு. மலையில் வளர்ந்த எனக்கு வெறும் மண்ணே கறுப்பாக இருக்கும் என்பது பெரிய அதிசயம். வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் தேய்த்துத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவனாக வீட்டுக்குள் போனால், அத்தை, "ஏங் கண்ணு, நாக்கை நீட்டு பார்க்கலாம்" என்பாள். நீட்ட வேண்டியதே இல்லை, உதடே சொல்லிவிடும்.

கலர் பென்சில் என்ற ஒன்றைக் கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறோம் என்பதால், நிறம் வேண்டுமென்றால் பறித்துக்கொண்டு வரவேண்டும். மஞ்சளுக்குக் கிழங்கு மஞ்சள், கறுப்புக்கு அடுப்புக்கரி, ஊதாவுக்குச் செம்பருத்தி இதழைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் போதும். சிலேட்டுத் துடைக்க மலையில் எங்களுக்கு நீர் கோத்த மஷித்தண்டு, இங்கே மாமா பிள்ளைகளுக்குக் கோவை இலை. அந்தக் கோவை இலையைக் கசக்கித்தான் புத்தகத்துக் கறுப்புக் கிளிக்கு நாங்கள் உடம்பு பூசினோம், பழுத்த கோவைப்பழத்தை நசுக்கி மூக்கு வைத்தோம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பச்சை பழுப்பாகிவிடும். வாசம் மட்டும் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வரும். ஒரு கிளியை முகர்ந்து பார்க்க முடிந்த தலைமுறை நாங்கள்.

பின்னாளில் நானே சித்தூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. பள்ளியில் வாத்தியாரானேன். 1990களின் நடுவில் டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது, முதலில் காசர்கோடு, வயநாடு, மலப்புரம், அடுத்த கட்டத்தில் இடுக்கியும் பாலக்காடும் திருவனந்தபுரமும். மனப்பாடம் வேண்டாம், செயல்பாடு வேண்டும் என்றார்கள். கேரளம் முழுக்க அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது, பிள்ளைகள் பாட்டுப் பாடி விளையாடிவிட்டு வருகிறார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். எனக்கோ அந்த வருஷங்கள் பிடித்திருந்தன. புத்தகத்தில் கிளி பச்சையாகிவிட்டது, அது ஒரு சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம், வேலியில் கண்டதைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணை மூடி முகர்ந்து, தொட்டு, நக்கிப் பார்த்து நீயே எழுது என்று பிள்ளையிடம் சொல்ல முடிந்தது. மாம்பழம் மஞ்சள், மிளகாய் சிவப்பு என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாளில், பனையேறும் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுதினாள்:

நுங்குக்குக் கலர் இல்லை.
நாக்குல வச்சா
நிழல் ருசிக்குது.

முதுகில் வெயில் காய்ந்த பிள்ளையால் மட்டும் எழுத முடிந்த மூன்று வரி. 1961இல் அமெரிக்காவில் மேரி ஓநீல் என்ற அம்மையார், ஒவ்வொரு நிறத்துக்கும் வாசம் எது, ருசி எது, சத்தம் எது என்று தேடிக் குழந்தைகளுக்காக ஒரு கவிதைப் புத்தகமே எழுதினார் என்பதும், அங்குள்ள வகுப்பறைகளில் அது பல தலைமுறை ஓடியது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதைக் கேட்டபோது எங்கள் நுங்குக்காரியை நினைத்துக்கொண்டேன்.

நம்மிடமும் இதற்கு வேர் இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வரிசையில் அடுக்கும்போது தொடுதலில் தொடங்குகிறார். அடுத்து நாக்கு, அதன் பின் மூக்கு, பிறகுதான் கண், அதற்கும் பின்னால் காது, கடைசியில் மனம். நம் பாடப்புத்தகங்கள் கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடித்துவிடுகின்றன. கைக்குழந்தையைப் பாருங்கள், எதைக் கொடுத்தாலும் பிடிக்கும், உடனே வாயில் வைக்கும். அதற்குத் தொல்காப்பியர் வரிசைதான் தெரியும். நிறத்துக்கு வந்தால் பாரதியின் 'முரசு' இருக்கிறது, வெவ்வேறு நிறத்தில் குட்டி போட்ட அந்த வெள்ளைப் பூனை இருக்கிறது. சாதி கேட்டுத் தண்ணீர் கொடுத்த ஊரில், வகுப்பு முழுவதும் ஒன்றாக நின்று அந்தக் குட்டிகளைப் பாடிய நாளில், பின்வரிசைப் பிள்ளைகளின் குரல்தான் ஓங்கி இருந்தது. நிறப்பாட்டு என்று சொன்னால் எனக்கு அதுதான் முதலில் நிற்கும்.

இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் புரொஜெக்டர் இருக்கிறது. கிளி திரையில் சிறகடித்துப் பறக்கிறது, இறகின் ஒவ்வொரு மடிப்பிலும் வேறு வேறு பச்சை தெரிகிறது, அதன் குரலும் ஸ்பீக்கரில் கேட்கிறது. மண் தரையில் உட்கார்ந்து படித்தவன் நான், இதைப் பார்த்து மகிழாமல் இருக்க மாட்டேன். ஆனால் பேத்தி வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய், மழையை இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்புகிற இங்கிலீஷ் பாட்டைப் பாடிக்கொண்டு வரும்போது நெஞ்சு பதறும். மூணாறில் பாடினாலாவது தகும், அங்கே ஜூனில் பிடித்தால் துணி காயாது. ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று வாய்க்காலைப் பார்த்துக் காத்திருக்கும் சித்தூர் பூமியில் நின்றுகொண்டு ஒரு குழந்தை மழையைப் போகச் சொல்லலாமா? "அதை வரச் சொல்லிப் பாடு கண்ணு" என்றேன். வரச் சொல்லிப் பாட்டு இருக்கா தாத்தா என்று கேட்டாள். அன்று சாயந்திரம் முழுக்க இருவரும் பாடினோம்.

யோசித்துப் பார்த்தால், எங்களுக்குக் காது கிடைத்தது. கைதட்டிப் பாடிய பாட்டு அறுபது வயதிலும் எதுகை தவறாமல் வந்து நிற்கிறது, ஆனால் நாங்களே எழுதலாம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு எழுதும் கை கிடைத்தது, சேர்ந்து பாடுகிற தொண்டையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டோம். நுங்குக் கவிதையை எழுதிய பெண்ணுக்குக் கவிமணியின் ஒரு பாட்டுகூட முழுதாக வராது. மலையாளத்தில் கவிஞர் குஞ்ஞுண்ணி மாஷ் இரண்டு வரியில் எழுதி வைத்தவை எழுதும் பிள்ளைக்கும் பாடும் பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் உதவுகின்றன. இரண்டு மொழியும் காதில் விழுகிற எல்லைப் பிள்ளைகளுக்கு அவரும் வேண்டும், வள்ளியப்பாவும் வேண்டும்.

நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம், எல்.பி. பள்ளிக்கு நான்கு வருஷம். அதனால் பெரும்பாலான பிள்ளைகள் ஒருமுறைகூடக் குறிஞ்சி பார்க்காமலேயே சின்ன வகுப்புகளைத் தாண்டிவிடுகிறார்கள். 1970இல் மலை பூத்தபோது நான் அந்த வயதில் இருந்தேன், எங்களிடம் அதற்குப் பாட்டு இல்லை. 2006இலும் 2018இலும் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து படமெடுத்துப் போனார்கள், அப்போதும் வட்டவடையிலும் ராஜமலையிலும் பிள்ளைகள் வாயில் பாட்டு இல்லை. அடுத்தது 2030. 2027 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை அப்போது நான்காம் வகுப்பில் இருக்கும். அதற்குள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒரு குறிஞ்சிப் பாட்டு ஏறிவிட வேண்டும் என்று, பாடநூல் வேலையில் இருக்கும் நண்பர்களிடம் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீலத்தை மட்டும் சொல்கிற பாட்டு வேண்டாம், அதை ஃபோன் காட்டிவிடும். குறிஞ்சித் தேனின் ருசியும், பூவுக்குள் தேனீ இரைகிற சத்தமும், மேட்டில் ஏறும்போது முழங்காலில் உரசும் செடியும் அதில் இருக்க வேண்டும், நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கைதட்டிப் பாடத் தாளம் இருக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் இப்போதே தொடங்குங்கள், வகுப்பில் பாடிப் பார்த்துத் திருத்தவும் காலம் வேண்டும்.